எந்தக் குதிரை ஜெயிக்கும்?

திருப்பூரிலிருந்து ஒரு சகோதரி எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். முழுசாக நாலு பக்கம். முதல் மூன்று பக்கங்களில் குசல விசாரிப்பும், நம் தொடர்கதையின் கதாநாயகிக்கு எப்போது விமோசனம் என்ற கவலையும் இருந்தன. நாலாவது பக்கத்தின் அடியில்தான் விஷயம் வந்தது.

"வருகிற சனிக்கிழமை வெளிநாட்டில் வேலி தாண்டும் குதிரை ரேஸ் ஒன்று இருக்கிறதாம். நீங்கள் பத்திரிகைக்காரர். நாலு பேரைத் தெரிந்தவர். எந்தக் குதிரை ஜெயிக்கும் என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும். விட்டதைப் பிடித்துக்கொண்டு அன்றோடு நிறுத்திவிடுகிறோம் என்று அவர் என் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறார்."

"அவர்" பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். இந்த அம்மாள் இன்னொரு கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போகிறார். திருப்பூரில் சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம். ஒன்றரை ஷிப்ட் நின்று சம்பாதித்த பணம் சனி இரவு வீட்டுக்கு வருகிறது. ஞாயிறு காலையில் பாதி இல்லை. எங்கே போயிற்று என்றால், டெலிபோனில் ஒரு ஆசாமி இருக்கிறானாம், அவன் மூலமாக ஏதோ ஒரு தேசத்துக் குதிரையின் முதுகில் ஏறிப் போய்விட்டது! கழுத்துச் சங்கிலி அடகுக் கடையில். மிச்சம் இருப்பது சீட்டு எடுத்த பணம் 20,000 ரூபாய். அதைத்தான் சனிக்கிழமை கட்டப் போகிறார்களாம்.

இந்தக் கடிதத்தை நான் மூன்று தடவை படித்தேன். சூது கெடுதல் என்று உபதேசம் செய்ய எனக்கு விருப்பம் இல்லை. தருமபுத்திரர் கதை தெரியாத பெண் நம் நாட்டில் யார் இருக்கிறார்கள்? அவர் கேட்டது டிப்ஸ். ஆகவே டிப்ஸ்தான் தரப்போகிறேன். கொஞ்சம் பொறுமையாகக் கடைசி வரை படிக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை.

முதலில், இது என்ன ரேஸ் என்று தெரிந்துகொள்வோம். நம் கிண்டியிலும் ஊட்டியிலும் ஓடியதெல்லாம் சமதரை ஓட்டம். இது வேறு. 1752-இல் அயர்லாந்து தேசத்தில் இரண்டு கனவான்களுக்குள் போட்டி வந்ததாம். பட்டவன்ட் என்ற ஊர் மாதா கோயிலிலிருந்து டோனரெய்ல் என்ற ஊர் மாதா கோயில் வரைக்கும் யார் முதலில் போவது? வழியில் ரோடு கிடையாது. தூரத்தில் தெரியும் கோபுரம்தான் அடையாளம். நடுவில் வேலி வந்தால் தாண்டு, ஓடை வந்தால் தாண்டு, கல் சுவர் வந்தால் அதையும் தாண்டு! கோபுரத்தைப் பார்த்து ஓடியதால் அந்தப் பந்தயத்துக்கே கோபுரத்தின் பெயர் வந்துவிட்டது: ஸ்டீப்பிள்சேஸ்.

இந்த வகையில் உலகத்திலேயே பேர்போனது இங்கிலாந்தில் லிவர்பூலுக்குப் பக்கத்தில் எய்ன்ட்ரீ மைதானத்தில் நடக்கும் கிராண்ட் நேஷனல். 1839-இலிருந்து பிரசித்தம். முதல் வருஷம் ஜெயித்த குதிரையின் பெயர் என்ன தெரியுமா? "லாட்டரி"! பெயர் வைத்தவருக்குத் தீர்க்கதரிசனம் இருந்திருக்க வேண்டும். அதே பந்தயத்தில் காப்டன் பெச்சர் என்பவர் ஓடைக்குள் தலைகுப்புற விழுந்தார். அந்த வேலிக்கு இன்றைக்கும் அவர் பெயர்தான்.

கிட்டத்தட்ட 7 கிலோமீட்டர் ஓட்டம். திருப்பூர் ரயில் நிலையத்தில் புறப்பட்டால் அவிநாசிக்குப் பாதி வழி. அதற்குள் 30 வேலிகளைத் தாண்ட வேண்டும். முன்பெல்லாம் 40 குதிரைகள் ஓடின. குதிரைகள் விழுந்து சாவதைப் பொறுக்காமல் ஜனங்கள் கூச்சல் போட, 2024 முதல் 34 என்று குறைத்தார்கள். பல வருஷங்களில் புறப்பட்டதில் பாதிக்கு மேல் கடைசி வரை வந்து சேர்ந்ததில்லை.

சரி, நிபுணர்கள் எப்படிக் குதிரை பார்க்கிறார்கள்? முதலில் தரை. மழை பெய்து சேறாக இருந்தால் பலசாலிக் குதிரை. காய்ந்திருந்தால் வேகக்காரக் குதிரை. இரண்டாவது, தூரம். இரண்டு மைல் பறக்கும் குதிரை நாலு மைலில் நாக்குத் தள்ளிவிடும். மூன்றாவது, வயசும் அனுபவமும். இதற்கு முன் எத்தனை தடவை விழுந்தது, எத்தனை தடவை முடித்தது என்று பார்ப்பார்கள். நாலாவது, ஜாக்கியும் பயிற்சியாளரும்.

இதெல்லாம் பத்திரிகையிலேயே அச்சாகி வருவதுதான். "அப்படியானால் படித்துப் பார்த்துக் கட்டலாமே?" என்று கேட்பீர்கள். அங்கேதான் சூட்சுமம். அந்தப் பந்தயத்தில் எல்லாக் குதிரையும் ஒரே எடையைச் சுமப்பதில்லை. நன்றாக ஓடும் குதிரைக்கு அதிக எடை, சுமாரான குதிரைக்குக் குறைந்த எடை என்று கணக்குப் பார்த்து, சேணத்தில் ஈயத்தை வைக்கிறார்கள். எதற்காக? எல்லாக் குதிரையும் ஒன்றாக வந்து சேர வேண்டும் என்பதற்காக! அதாவது, எது ஜெயிக்கும் என்று யாருமே சொல்ல முடியாதபடி செய்வதற்கென்றே சம்பளம் வாங்கும் உத்தியோகஸ்தர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வருஷமெல்லாம் உட்கார்ந்து போட்ட முடிச்சை, டெலிபோன் ஆசாமி அவிழ்த்துத் தருகிறானாம்!

போகட்டும். நிச்சயமான குதிரை ஒன்றைப் பற்றிச் சொல்கிறேன். 1956-ஆம் வருஷம். டெவன் லாக் என்ற குதிரை. சொந்தக்காரர் யார்? எலிசபெத் ராணியின் தாயார். ஏறியவர் டிக் பிரான்ஸிஸ். பிற்பாடு துப்பறியும் நாவல்கள் எழுதிப் புகழ் பெற்றாரே, அவரேதான். 30 வேலிகளையும் தாண்டியாகிவிட்டது. முன்னால் ஒரு குதிரையும் இல்லை. எல்லைக் கோட்டுக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான். ஜனங்கள் தொப்பியை வீசி எறிகிறார்கள். திடீரென்று அந்தக் குதிரை, இல்லாத வேலியைத் தாண்டுவது போல் எகிறி, வயிறு தரையில் பட விழுந்தது. பின்னால் வந்த குதிரை ஜெயித்தது. ஏன் விழுந்தது என்று இன்றுவரை ஒருவருக்கும் நிச்சயமாகத் தெரியாது. ராஜ குடும்பத்துக் குதிரைக்கே இந்தக் கதி என்றால், டெலிபோனில் சொன்ன "கட்டாயக் குதிரை"யை என்ன சொல்வது?

இன்னொன்று கேளுங்கள். 1967. பாய்னாவன் என்று ஒரு குதிரை. ஒரு ரூபாய் கட்டினால் நூறு ரூபாய். அதாவது, அதை யாரும் குதிரையாகவே மதிக்கவில்லை என்று அர்த்தம். பயிற்சியாளரே அன்றைக்கு வேறு ஊர்ப் பந்தயத்துக்குப் போய்விட்டார், சொந்தக்காரரும் வரவில்லை. 23-ஆவது வேலி வந்தது. அது மைதானத்திலேயே சின்ன வேலிகளில் ஒன்று. அங்கே ஆளில்லாமல் ஓடிய குதிரை ஒன்று குறுக்கே திரும்பியது. அவ்வளவுதான்! முன்னால் போன நல்ல குதிரைகளெல்லாம் ஒன்றன்மேல் ஒன்று மோதி நின்றன. ஜாக்கிகள் வேலிக்கு அந்தப் பக்கம் விழுந்தார்கள். வெகு பின்னால் வந்துகொண்டிருந்த பாய்னாவன் ஒரு சந்தைக் கண்டுபிடித்துத் தாண்டிப் போய் ஜெயித்துவிட்டது. அந்த வேலிக்கு இப்போது பாய்னாவன் வேலி என்றே பெயர். இதை முன்கூட்டிச் சொல்லக்கூடிய டிப்ஸ்காரர் பூலோகத்தில் பிறந்ததில்லை.

நமக்குச் சந்தோஷமான சேதி ஒன்றும் உண்டு. ஸ்திரீகளுக்கு இது லாயக்கில்லாத விளையாட்டு என்று சொல்லிக்கொண்டிருந்த அதே மைதானத்தில், 2021-இல் ரேச்சல் பிளாக்மோர் என்ற அயர்லாந்துப் பெண் மினெல்லா டைம்ஸ் என்ற குதிரையில் ஏறி ஜெயித்தார். கிராண்ட் நேஷனலில் ஜெயித்த முதல் பெண் அவர்தான். பார்க்கப் போனால், குதிரைப் பந்தயத்தில் ஒரு பெண் நிச்சயமாகச் சம்பாதித்த பணம் அதுதான். அவர் பந்தயம் கட்டவில்லை, உழைத்தார்.

இனிக் கணக்குக்கு வருவோம். நீங்கள் பத்துப் பேர் ஆளுக்கு 100 ரூபாய் போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் ரூபாய் சேர்ந்தது. நடுவில் உட்கார்ந்தவர் 200 ரூபாயைத் தன் பங்கென்று எடுத்துக்கொண்டு, 800-ஐ ஜெயித்தவர்களுக்குத் தருகிறார். அந்த 800-ஐ நீங்கள் அடுத்த வாரமும் போடுகிறீர்கள். அதில் 160 போய் 640. மூன்றாம் வாரம் 512. நாலாம் வாரம் 409 ரூபாய் 60 பைசா. ஒவ்வொரு வாரமும் உங்களில் யாரோ ஒருத்தி "நான் ஜெயித்தேன்!" என்று சர்க்கரைப் பொங்கல் வைத்திருப்பாள். ஆனால் ஒரு மாதத்தில் பாதிக்கு மேல் பணம் அந்த அறையிலேயே இல்லை! ஏலச்சீட்டில் நடத்துகிறவருக்குச் சட்டம் அனுமதித்த கமிஷன் 5 விழுக்காடாக இருந்தது. 2019-இல் 7 ஆக்கினார்கள். அதற்கே நாம் முணுமுணுக்கிறோம்.

இதற்கு மேல் சர்க்கார் பங்கு. சட்டப்படி நடக்கும் குதிரைப் பந்தயத்திலேயே கட்டும் பணத்தின் முழு மதிப்புக்கும் ஜி.எஸ்.டி. 28 விழுக்காடு என்று இருந்ததை, 2025 செப்டம்பர் 22 முதல் 40 விழுக்காடாக உயர்த்தினார்கள். ஜெயித்தால் வந்த பணத்தில் 30 விழுக்காடு வருமான வரி.

"எங்கள் ஆளிடம் வரி கிரி ஒன்றும் கிடையாது" என்று உங்கள் வீட்டுக்காரர் சொல்லக்கூடும். நியாயந்தான்! ஆனால் ஜெயித்த பணத்தை அவன் தராவிட்டால் என்ன செய்வீர்கள்? 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டப்படி பந்தயப் பேச்சு செல்லாது. கோர்ட்டில் வழக்குப் போட முடியாது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடுக்க 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் சட்டமே நிறைவேற்றியது. திருடனிடம் கொடுத்த பணத்துக்கு ரசீது கேட்ட கதையாகத்தான் முடியும்.

இன்னொரு வாதமும் வரும். "சுப்ரீம் கோர்ட்டே இது சூதாட்டம் இல்லை, திறமை என்று சொல்லியிருக்கிறது" என்பார்கள். வாஸ்தவம். 1974-இல் தமிழ்நாட்டில் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் வந்தது. வழக்கு நடந்து, 1996-இல் சுப்ரீம் கோர்ட் அப்படித்தான் தீர்ப்புச் சொன்னது. ஆனால் குதிரைப் பந்தயத்துக்குத் திறமை வேண்டும் என்றுதான் சொன்னதே தவிர, அந்தத் திறமை உங்கள் வீட்டுக்காரருக்கு இருப்பதாகச் சொல்லவில்லையே! சமையலும் திறமைதான். அடுப்புப் பற்றவைத்தவர்களெல்லாம் நளமகாராஜாவா?

இப்போது என் சொந்தக் கதை ஒன்று. எங்கள் மாமா, அதாவது என் அத்தையின் புருஷர், திருப்பூரில் சின்னதாக ஒரு பனியன் கம்பெனி வைத்திருந்தார். நாலு மிஷின். ஒரு கோடையில் "ஊட்டியில் புஷ்பக் கண்காட்சி" என்று சிநேகிதர்களோடு போனார். கண்காட்சிக்குப் பக்கத்திலேயே ரேஸ் மைதானம். 50 ரூபாய் கட்டினார். 900 ரூபாய் வந்தது! அத்தைக்குச் சேலை, எங்களுக்கெல்லாம் வர்க்கி, தெருவெல்லாம் பேச்சு. இப்போது நினைத்துப் பார்க்கிறேன்: அந்த 900 ரூபாய்தான் மாமா தம் வாழ்க்கையில் வாங்கிய மிகப் பெரிய கடன்.

அதற்கப்புறம் வருஷாவருஷம் கோடை வந்தால் அவருக்குப் புஷ்பங்களின் மேல் அபார மோகம். ஊட்டி சீசன் முடிந்தால் மெட்ராஸில் "பார்ட்டியைப் பார்க்க வேண்டும்" என்று ரயிலேறுவார். வர்க்கிப் பொட்டலத்தோடு வந்தால் கொஞ்சம் தோற்றிருக்கிறார் என்று அர்த்தம். வெறுங்கையோடு வந்தால் நிறையத் தோற்றிருக்கிறார். நாலு மிஷின் மூன்றாயிற்று; மூன்று இரண்டாயிற்று.

அத்தை சண்டை போட்டதே இல்லை. பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களைத் திருப்பி வைத்துக்கொண்டு, "ஏனுங்க, இந்தவாட்டி எத்தனை கட்டுனீங்க? எத்தனை வந்துச்சு?" என்று வெற்றிலை மடித்துக் கொடுத்தபடி கேட்பாள். ஜெயித்ததை மாமா கூட்டிச் சொல்வார். தோற்றதைக் குறைத்துச் சொல்வார். சொன்னபடியே எழுதிக்கொள்வாள்.

ஒரு நாள் இராத்திரி மாமா வளையலைக் கேட்டார். "நாளைக்கு ஒரு குதிரை இருக்குது, கண்ணு. கட்டாயம் வரும். விட்டதையெல்லாம் ஒரே நாள்ல பிடிச்சுப் போடலாம்" என்றார். அத்தை வளையலைக் கழற்றி அவர் முன்னால் வைத்தாள். பக்கத்திலேயே நோட்டையும் வைத்தாள்.

"எடுத்துக்கங்க. அதுக்கு மின்ன இதை ஒருக்காக் கூட்டிப் போட்டுடுங்க. எனக்குக் கணக்கு வராதுங்க."

அத்தைக்குக் கணக்கு வராது என்பது சுத்தப் பொய். கம்பெனியின் பீஸ் ரேட் கணக்கு முழுவதும் அவள்தான் போடுவாள். மாமா பென்சிலை வாங்கிக் கூட்ட ஆரம்பித்தார். நாங்கள் குழந்தைகள் பாயில் படுத்துக்கொண்டு பார்த்தோம். ஒரு தடவை கூட்டினார், நம்பவில்லை. மறுபடியும் கூட்டினார். வந்தது 19,000. போனது 1,12,000. அதுவும் அவரே குறைத்துச் சொன்ன கணக்கு! விற்றுப்போன இரண்டு மிஷினும் அந்தப் பக்கத்தில்தான் ஒளிந்துகொண்டிருந்தன. ரொம்ப நேரம் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். வளையலை எடுக்கவில்லை.

சினிமாவில் போல் மறுநாளே மாமா உத்தமராகிவிட்டார் என்று சொல்ல மாட்டேன். அப்புறமும் இரண்டு தடவை போனார். ஆனால் திரும்பி வந்ததும் அவரே நோட்டை எடுத்து எழுதினார். தம் கையாலேயே எழுத நேர்ந்தபிறகு மூன்றாம் தடவை போக மனசு வரவில்லை போலிருக்கிறது.

ஊட்டி ரேஸ் மைதானத்தை 2024-இல் சர்க்கார் எடுத்துக்கொண்டுவிட்டது. கிண்டியில் 160 ஏக்கர் நிலத்தின் குத்தகையையும் அதே வருஷம் ரத்துச் செய்தது. மாமாவை இழுத்த மைதானத்துக்கு மலை ஏற வேண்டும், ரயில் ஏற வேண்டும். இன்றைக்கு மைதானமே டெலிபோனுக்குள் வந்து, தலையணைக்கு அடியில் படுத்துக்கொள்கிறது. அதுதான் எனக்குப் பயம்.

பந்தயம் என்றாலே பாபம் என்று நான் சொல்ல வரவில்லை. உங்கள் பக்கத்திலேயே ரேக்ளா இருக்கிறதே! உடுமலைப் பக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள். 200 மீட்டர், 300 மீட்டர். வண்டி ஒவ்வொன்றாக ஓடும், கடிகாரத்தோடுதான் போட்டி. கண் மூடித் திறப்பதற்குள் தூள் பறந்துவிடும். ஜெயித்த ஜோடிக்குத் தங்கக் காசு. 2014-இல் சுப்ரீம் கோர்ட் தடுத்து, 2017-இல் தமிழ்நாடு புதுச் சட்டம் செய்து, 2023 மே மாதம் அந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பாகி, ஒரு வழியாக நிலைத்தது. காங்கேயம் கன்று பிறக்கும்போது செவலையாக இருக்கும். ஆறு மாதம் போல ஆனால் நிறம் மாறிவிடும். அதற்குப் பருத்திக்கொட்டை ஆட்டி வைப்பதும், தவிடு கலக்குவதும் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான். ஞாயிற்றுக்கிழமை தோற்றாலும் திங்கட்கிழமை காலையில் மாடு கொட்டகையில் நிற்கும். டெலிபோன் குதிரை தோற்றால் உங்கள் வீட்டில் எது நிற்கும், சொல்லுங்கள்?

சகோதரி, கேட்ட டிப்ஸுக்கு வருகிறேன். வருகிற சனிக்கிழமைக்கு என் தேர்வுகள் இவை.

முதல் பந்தயம்: அடகுக் கடை. அங்கே "வட்டி" என்று ஒரு குதிரை ஓடுகிறது. இராத்திரியும் ஓடும், அமாவாசையிலும் ஓடும், நொண்டாது, விழாது. 20,000 ரூபாயை அதை நிறுத்தக் கட்டுங்கள். சங்கிலி முழுசாக மீளாவிட்டாலும் கடன் குறையும். வட்டி குறைந்த ஒவ்வொரு ரூபாயும் நீங்கள் ஜெயித்த ரூபாய். இந்தப் பந்தயத்தில் தோல்வியே கிடையாது.

இரண்டாவது பந்தயம்: சனிக்கிழமைச் சம்பளம். வாடகை, மளிகை, பள்ளிக்கூடச் சம்பளம் மூன்றையும் அன்று சாயங்காலமே இருவருமாக உட்கார்ந்து பிரித்துவிடுங்கள். முடிந்தால் அவர் சம்மதத்தோடு சம்பளம் உங்கள் பாங்கிக் கணக்குக்கு வரட்டும். அவர் சத்தியத்தைத் தலையில் அடித்துச் செய்ய வேண்டாம். டெலிபோனிலிருந்து அந்த ஆசாமியின் நம்பரை எடுத்துவிடச் சொல்லுங்கள். பழைய கடனை அடைக்கப் புதுக் கடன் வாங்கவே கூடாது.

மூன்றாவது பந்தயம்: ஒரு நோட்டு. பத்து ரூபாய் நோட்டே போதும். எத்தனை போயிற்று, எத்தனை வந்தது. அவரையே கூட்டச் சொல்லுங்கள். கோபப்படாதீர்கள், அழாதீர்கள். பென்சிலை மட்டும் கொடுங்கள்.

நாலாவது பந்தயம்: கூட்டிப் பார்த்த பிறகும் கை நிற்கவில்லையானால், அது கெட்ட புத்தி அல்ல, ஒருவித வியாதி. வைத்தியம் உண்டு. 14416 என்ற நம்பருக்குப் போன் செய்தால் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கும், தமிழிலேயே பேசலாம். 2022 முதல் சர்க்கார் நடத்தும் ஏற்பாடு. அவர் வெட்கப்பட்டால் முதலில் நீங்கள் பேசுங்கள்.

கடைசியாக ஒரே ஒரு வார்த்தை. "விட்டதைப் பிடிக்கிறேன்" என்ற பேச்சு வீட்டில் எழுந்தால், அங்கேயே அதை நிறுத்துங்கள். விட்டது ஓடிவிட்டது. அதைத் துரத்திப் போகிறவர்கள் கையில் இருப்பதையும் விட்டுவிட்டுத்தான் ஓட வேண்டியிருக்கிறது.

அந்தச் சனிக்கிழமைப் பந்தயத்தில் எந்தக் குதிரை ஜெயிக்கும்? சத்தியமாக எனக்குத் தெரியாது. டெலிபோன் ஆசாமிக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் அவன் ஏன் உங்கள் வீட்டுக்காரரின் கட்டிங் மாஸ்டர் சம்பளத்துக்குக் காத்துக்கொண்டிருக்கிறான்?

மாதத்துக்கு 30 நாள், 30 வேலி. இத்தனை வருஷமாக விழாமல் தாண்டி வந்திருக்கிறீர்கள். இந்தச் சனிக்கிழமையையும் தாண்டிவிட்டு எனக்கு ஒரு கார்டு எழுதுங்கள். சங்கிலி கழுத்துக்கு வந்த சேதியை அதில் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். நாலாவது பக்கம் வரை என்னைக் காக்க வைக்காதீர்கள்!